முந்தின பக்கம்

நான் காப்பீட்டு முகவர். நன்றாக இருக்கிற ஒரு மனிதரின் கூடத்தில் உட்கார்ந்து, அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே, "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்பது என் பிழைப்பு. ஸ்ரீரங்கத்தில் பாதி வீதிகளுக்கு என்னைத் தெரியும். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துகிற வீடுகளும் உண்டு, அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. இப்படிப்பட்டவன் வீட்டு மாடிக்கு, நாளை நன்றாக இருக்கும் என்று நாவல் எழுதுகிற ஒரு பெண்மணி குடிவந்தார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார், இன்னும் எழுதுகிறார். பெயரைச் சொன்னால் நீங்கள் உடனே செல்போனில் தேடுவீர்கள், தேடினால் அந்தப் பழைய வீடியோதான் முதலில் வரும். அது அவருக்குப் பிடிக்காது.

பகலில் அவருக்குக் கே.கே. நகரில் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் என்று எது வந்தாலும் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்வார். சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, அதே காவிரியில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிற ஜனங்களைப் பற்றி எழுதுவார். எனக்கு வாய் சும்மா இருக்காது. பகலில் பார்ப்பது ஒன்று, வீட்டுக்கு வந்து எழுதுவது ஒன்றாக இருக்கிறதே மேடம் என்று கேட்டேன். பகலில் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எழுதவே தோன்றியிருக்காது சார் என்றார்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போடாத பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் எப்போதும் ஒன்றிரண்டு மாதிரிக் குப்பிகள். தனியாகத்தான் இருந்தார். ஏன் என்பதை என் மனைவி முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள், எனக்கு மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அவருடைய நாவல்களில் பறக்கும் கார் கிடையாது, இயந்திர மனிதன் கிடையாது. நம் திருச்சிதான், நம் பேரன் பேத்திகள் காலத்துத் திருச்சி. அங்கே ஊருக்குப் பொதுவான எந்த முடிவை எடுப்பதற்கு முன்னாலும் ஜனங்கள் படித்துறையில் வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகுதான் வாயைத் திறப்பார்கள். மனுஷன் உள்ளே மாறாமல் ஆறு மாறாது என்பது அவர் கட்சி. இது அறிவியலா, ஆன்மிகமா என்று புத்தகக் கண்காட்சியில் கடைக்காரர்களுக்குக் குழப்பம். ஒரு கடையில் கணினிப் புத்தகங்களோடு வைத்தார்கள், இன்னொன்றில் விரத பூஜைப் புத்தகங்களோடு வைத்தார்கள். இரண்டு இடத்திலும் விற்கவில்லை.

எழுதுகிற விதமும் விசித்திரம். கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதிவிடுவார். ஊர் நன்றாக இருக்கிறது, எல்லோரும் சௌக்கியம். அங்கிருந்து பின்னால் நடப்பார். இந்த நல்லது வந்ததற்கு முந்தின நாள் என்ன நடந்தது? அதற்கு முந்தி? இப்படியே பின்னோக்கி வந்து வந்து, நம் காலத்தில், நம் தெருவில், நாற்றமடிக்கிற நம் வாய்க்காலில் வந்து நிற்பார். அதுதான் முதல் அத்தியாயம். எந்த நல்லதும் சும்மா வரக் கூடாது, அதற்கு முந்தி யாரோ ஒருத்தர் எதையோ செய்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது.

எழுத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை, பேச்சிலும் அதே. எங்கள் தெருமுனையில் நாங்களே கொட்டிக் கொட்டி வளர்த்த குப்பைமேடு ஒன்று இருந்தது. என்றைக்குத்தான் இது ஒழியுமோ என்று என் மனைவி ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அவர் மாடிப்படியில் நின்றபடி, "ஒழிஞ்சிருச்சுன்னு வெச்சுக்குங்க. அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது என்றாள் இவள். அதற்கு முந்தி? யாராவது போன் பண்ணியிருப்பார்கள். அதற்கு முந்தி? தெருவில் எல்லோரும் இனிமேல் கொட்டுவதில்லை என்று பேசி வைத்திருப்பார்கள். யார் வீடு வீடாகப் போய்ப் பேசியது? என் மனைவி கொஞ்ச நேரம் அவரையே முறைத்தாள். "சரி, நான்தான் பேசினேன்னு வெச்சுக்குங்க, விடுங்க" என்றாள். அடுத்த வாரமே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குப்பைமேடு போக மாதக் கணக்கானது, ஆனால் போனது.

புத்தகம் விற்பதில்தான் அவருக்கு ஒரு சாமர்த்தியமும் கிடையாது. விற்காத கட்டுகளெல்லாம் எங்கள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்தன. விற்பனை என் தொழில் என்பதால் நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். முதலில் ஆளைக் கொஞ்சம் பயமுறுத்த வேண்டும் மேடம், இந்த ஊர் இப்படியே போனால் என்ன ஆகும் என்று ஆரம்பியுங்கள் என்றேன். "பயப்படறவங்க பாலிசி வாங்குவாங்க சார், கதை வாங்க மாட்டாங்க" என்று சிரித்தார். கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்துக்கு நானே ஏற்பாடு செய்து அழைத்துப்போனேன். எடுத்த எடுப்பில் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டிவிட்டார். முடிவைச் சொல்லிவிட்டால் எவன் வாங்குவான்? முடிவு தெரிந்தால்தான் வழி என்னவென்று தேடத் தோன்றும் என்பது அவர் வாதம். அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. சுண்டல் மட்டும் தீர்ந்தது.

முசிறி நூலகத்தில் வாசகர் கூட்டம் என்று ஒருமுறை பஸ் ஏறிப் போனார், நானும் கூடப் போனேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வாழை விவசாயிகள். உங்கள் கதையில் வாழைக்கு நல்ல விலை கிடைக்கிறதா என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார். "கிடைச்சிருச்சுன்னு வெச்சுக்குவோம். அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாருக்கு விலை வைப்பது யார், சேர்ந்து விற்றால் யார் லாரி பிடிப்பது, அந்த லாரியை யார் நம்புவது என்று அவர்களுக்குள் பேச்சு கிளம்பி, சண்டையாகி, நூலகர் வந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் போனது. புத்தகம் ஒன்றுகூட விற்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டதாம்.

ஆனால் விற்காதது அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்தால் தப்பு. ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே இருந்த புத்தகக் கட்டுகளைக் கரையான் வந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆயிரம் பேர் வேண்டாம், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கதையாகப் படித்த ஓர் ஆளை நேரில் பார்த்துவிட்டால் போதும் என்றார். நான் படித்திருக்கிறேனே என்றேன். "நீங்க வீட்டுக்காரர் சார், அது கணக்குல வராது" என்றார்.

அந்த வருஷம் நல்ல மழை. எதிர்வீட்டு மாமா வீட்டுக் கொல்லைக் கிணறு பல வருஷமாக வறண்டு கிடந்தது, அதில் தண்ணீர் ஏறிவிட்டது. மாமாவுக்கு இவருடைய நாவல் ஒன்றை நான் தலையில் கட்டியிருந்தேன். அதில் ஸ்ரீரங்கத்துக் கிணறுகளில் மறுபடி தண்ணீர் வருவதாக ஓர் இடம் உண்டு. மாமா ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். "நீங்க எழுதினபடியே ஆயிடுத்து. எல்லாம் பெருமாள் கிருபை, அவன்தான் உங்களை எழுத வெச்சிருக்கான்" என்று கண் கலங்கினார். இவர் அந்தத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிச் சோதனைக்கு எடுத்துப்போய், மறுநாள் வந்து, குடிக்க வேண்டாம் மாமா, கிருமி இருக்கிறது என்று சொன்னார். அதோடு, கதையில் அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி தோண்டிய பிறகுதான் கிணறு ஊறியது, இங்கே வெறும் மழைதான் பெய்திருக்கிறது என்றும் விளக்கினார். மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. பிரதட்சிணம் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

சொன்னது எப்படியோ வீடியோ போடுகிற ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. கிணற்றையும் நாவலின் பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, முன்கூட்டியே எழுதிய அம்மா என்று போட்டுவிட்டார். அதிலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. புத்தகத்துக்குள் நூலை விட்டு, நூல் விழுந்த பக்கத்தைப் பிரித்துப் படித்துப் பலன் தெரிந்துகொள்வது நம் பக்கத்தில் பழைய வழக்கம். புராணங்களுக்குத்தான் அதைச் செய்வார்கள். இவருடைய நாவலுக்குச் செய்தார்கள். மஞ்சள் நூலும் கையுமாக வந்து நின்றார்கள். வேலை கிடைக்குமா, வீடு விற்குமா, கால்வலி தீருமா என்று கேட்டார்கள். எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் நல்லதாகவே இருந்ததால் எல்லோருக்கும் திருப்தி. மாடிப்படிக்குக் கீழே இருந்த கட்டுகள் மளமளவென்று காலியாயின. பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, மறு அச்சில் அட்டையில் ‘அருள்வாக்கு’ என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஒரு வார்த்தைதானே மேடம், எப்படியோ புத்தகம் வீட்டுக்குள்ளே போகட்டும், என்றைக்காவது படிக்க மாட்டார்களா என்றேன். "குறின்னு வாங்கினவங்க ஒரு பக்கம் படிப்பாங்க சார். நல்லது வரும்னு இருக்கும். வரட்டும்னு உக்காந்துருவாங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். பதிப்பாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தவும் மனசு வராமல், உட்காரச் சொல்லவும் முடியாமல் தவித்தார்.

அப்போது வந்தவள்தான் லால்குடிப் பக்கத்து அம்மாள். நாற்று நட்டுக் காய்ப்பேறிய கை. பக்கத்து வீட்டுக்காரி வாங்கிவந்த புத்தகத்தில் நூல் விட்டிருக்கிறாள், விழுந்த இடத்தில் நூலை எடுக்காமல் அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டாள். அவளுடைய மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு கரூரில் இருக்கிறாள். அந்தப் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பன் சொல்லிவிட, பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஓடிவிட்டன. நூல் விழுந்திருந்த பக்கத்தில், வீட்டை விட்டுப் போன ஒரு பெண் திரும்பி வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிடக் கூடுதலாக ஒரு தட்டு வைக்கிறார்கள்.

"எம் பொண்ணு எப்பம்மா வரும்? ஆடிக்குள்ள வந்துருமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதாள். என் மனைவியும் அழுதாள்.

நான் அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்று கையால் ஜாடை காட்டினேன். வந்துரும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? அழுகிற ஒருத்தியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவதைவிட என்ன புண்ணியம்? அவர் என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. இது நான் எழுதின கதை. அந்தப் பொண்ணும் நான் எழுதின பொண்ணுதான்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா அந்தப் பொண்ணு சும்மா வரல. இதுக்கு முந்தின பக்கத்தைப் படிங்க" என்று தாளைப் பின்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். உதடு அசைய அசையப் படித்தாள், நாங்கள் காத்திருந்தோம். முந்தின பக்கத்தில் அந்தப் பெண்ணின் தாய் மகள் இருக்கிற ஊருக்குப் போகிறாள். வாசலில் நின்றபடி, உன்னைக் கூப்பிட வரவில்லை, நீ இருக்கிற இடத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்கிறாள். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

படித்து முடித்ததும் அந்த அம்மாளின் முகம் இறுகிவிட்டது. "குறி கேக்க வந்தா வேலை சொல்றீங்களேம்மா" என்று எழுந்தாள். புத்தகத்தை வீசி எறிவாள் என்று நினைத்தேன், பைக்குள் போட்டுக்கொண்டுதான் போனாள்.

அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் அவர் இதையே சொன்னார். உங்களுக்கு விழுந்த பக்கம் சரி, அதற்கு முந்தின பக்கத்தைப் படியுங்கள். முந்தின பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. யாரிடமோ மன்னிப்புக் கேட்பது, குழி தோண்டுவது, குடியை விடுவது. கொஞ்ச நாளில் கூட்டம் கரைந்தது. வீடியோக்காரர் வேறு ஓர் அதிசயத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அந்த வார்த்தை இல்லாமலே வந்த மறு அச்சுப் புத்தகங்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழே பழைய இடத்தில் உட்கார்ந்தன.

மாடியில் ராத்திரிதோறும் கேட்கிற தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. வேலைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். என் மனைவி ரசம் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "யாரோ ஒருத்தர் முழுசாப் படிச்சிட்டாங்கன்னு வெச்சுக்குங்க அக்கா, அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?" என்று அவர் பாணியிலேயே கேட்டாளாம். அவர் சிரிக்கவில்லை. "இத்தனை பேர் வாங்கினாங்க. ஒருத்தர்கூடப் படிக்கல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாராம். இனிமேல் எழுதப்போவதில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. நல்ல நாளைப் பற்றி மட்டுமே பேசுகிற ஓர் ஆள் தலைக்கு மேலே இருப்பது, என்னைப் போன்ற தொழில்காரனுக்கு எவ்வளவு பெரிய தெம்பாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த லால்குடி அம்மாள் வந்து கேட் அருகே நின்றாள். கையில் அதே புத்தகம். அதற்குப் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பழுப்பு அட்டை போட்டிருந்தாள். நான் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். அவர் பாதிப் படி இறங்கி வந்து, ஆளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"நான் குறி சொல்றதில்லைங்க" என்றார்.

"குறி கேக்க வரலம்மா. நீங்க ஒரு இடத்துல தப்பா எழுதியிருக்கீங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த அம்மாள் படியில் ஏறி, புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். "இதை மொத எழுத்துலேருந்து கடைசி வரைக்கும் படிச்சிட்டேன். எல்லாம் சரிதான், இந்த அம்மாதான் சரியில்ல. அவ்ளோ தூரம் போனவ வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்பிட்டாளாம். எந்த அம்மா அப்படித் திரும்புவா? நானும் போனேன். என்னால அப்படி நிக்க முடியல."

முதிர்வுத் தொகைக் காசோலையைக் கையில் வாங்குகிறவர்களின் முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்ததை அவற்றில் எதிலும் பார்த்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார், அந்த அம்மாளையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உள்ள போயிட்டீங்களா?"

"போயிட்டேன்."

"எங்க உக்காந்தீங்க?"

"அடுப்படியிலங்க. அது வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. தலையைக் குனிஞ்சு வெங்காயம் உரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் பாதியை அள்ளி எம் பக்கம் வெச்சுக்கிட்டேன். முழுக்க உரிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அதுவே காபி குடிக்கிறியாம்மான்னு கேட்டுச்சு."

மேலே போய்ப் பேனா எடுத்து வர அவருக்குப் பொறுமை இல்லை, என் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டார். அந்த அம்மாளின் புத்தகத்தை மடியில் வைத்து, தான் எழுதி அச்சான வரிகளைத் தானே அடித்துவிட்டு, ஓரத்தில் பொடியாக எழுத ஆரம்பித்தார். அந்த அம்மாள் குனிந்து எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சின்ன வெங்காயம்னு போடுங்க" என்றாள்.